கோர்டெஸ் தனியாக வெல்லவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவில் இருந்த அஸ்டெக் பேரரசின் வீழ்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் சில நூறு வீரர்களோடு போய் ஒரு பேரரசையே சாய்த்தார் என்ற பழைய கதையையே மறுபடி சொல்லியிருப்பது வருத்தமாக இருந்தது. 1521-இல் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானை முற்றுகையிட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்பானியர்களே அல்லர். அஸ்டெக்குகளோடு பல காலம் பகைகொண்டிருந்த திலாஸ்காலா மக்களும் மற்ற உள்ளூர்ப் படைகளும்தான். அப்புறம் பெரியம்மை! 1520-இல் பரவிய அந்த நோய், புதிதாகப் பட்டமேறிய அஸ்டெக் அரசர் குயிட்லாவாக்கையே சில மாதங்களில் கொண்டுபோய்விட்டது. சாபுல்டெபெக் குன்றிலிருந்து நகருக்கு வந்த குடிநீரையும் முற்றுகையிட்டவர்கள் துண்டித்துவிட்டார்கள். அப்படியும் இரண்டு மாதங்களுக்கு மேல் அந்த நகர மக்கள் தாக்குப்பிடித்தார்கள். அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். அஸ்டெக்குகளை ‘அழிந்துபோன இனம்’ என்று எழுதியதும் சரியல்ல. அவர்களின் நாவாட்டில் மொழியை இன்றும் மெக்சிகோவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள்.

வாசகர், திருச்சி