என் அண்ணனை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

காலை நடையின்போது இதயம் நின்று சாலையோரம் விழுந்த என் அண்ணன் இப்போது செய்தித்தாள் படிக்கிறார், மளிகைக் கணக்குப் பார்க்கிறார். பெயர்கள் மட்டும் சில நேரம் நழுவுகின்றன. முதல் நன்றி, நாங்கள் முகம்கூடப் பார்க்காத ஒருவருக்கு: மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியிலிருந்த டெக்னீஷியனுக்கு.

இதயம் மறுபடி துடித்தும் அண்ணனுக்கு நினைவு திரும்பவில்லை. மூளை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று அறிய என்.எஸ்.ஈ. என்ற நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். நரம்பணுக்கள் சிதைந்தால் அவற்றிலுள்ள இந்த நொதி ரத்தத்தில் கலக்கும். கைபேசியில் தேடிய சித்தப்பா, "இது புற்றுநோய்க்குப் பார்க்கிற டெஸ்ட் ஆயிற்றே" என்று வீட்டையே கலங்கடித்துவிட்டார். அதற்கும் பார்ப்பார்கள்தான்.

48 மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தபோது, வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததாம். சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அதே நொதி சிவப்பணுக்களிலும் உண்டு என்பதால், மூளைக்கு ஒன்றும் ஆகாதவருக்கும் எண் எகிறிவிடும். அந்த டெக்னீஷியன் ஏதோ ஓர் எண்ணை அச்சடித்து அனுப்பவில்லை. சாம்பிளை ஒதுக்கிவிட்டு ஐ.சி.யு.வுக்குப் போன் செய்தார். செவிலியர் முகம் சுளிக்காமல் மறுபடி வந்தார். சிரிஞ்சை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல ரத்தம் எடுத்து, குழாயைக் குலுக்காமல் கையோடு கொண்டுபோனார்.

லிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டினால் கெட்ட அறிகுறி என்கிறது 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். இரண்டாம் சாம்பிள் அதற்குக் கீழே நின்றது. நாங்கள் துள்ளிக் குதித்தபோது டாக்டர் அமர்த்தினார்: "குறைவாக இருப்பதாலேயே விழித்துவிடுவார் என்று சொல்ல முடியாது. கூடியிருந்தாலும் அதை மட்டும் வைத்துக் கைவிட்டிருக்க மாட்டோம்." மயக்க மருந்து ஏறியிருக்கும்போது கை கால் அசைவை நம்ப முடியாது, ரத்தத்திலுள்ள இந்த நொதியின் அளவை அந்த மருந்து மாற்றாது என்பதுதான் இந்தச் சோதனையின் பலன். ஆனாலும் கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. என்ன காட்டுகிறது, ஸ்கேனில் வீக்கம் உண்டா என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்த்தார். மருந்து இறங்கும்வரை எங்களையும் காக்க வைத்தார். அந்த நிதானத்துக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

போய்ச் சேராது என்று தெரிந்தும் இன்னொரு நன்றி. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 36 ஐ.சி.யு.க்களில், இதயம் நின்று மீண்டு நினைவின்றிக் கிடந்த 939 பேரின் உடல் வெப்பநிலையைக் கட்டுப்படுத்திப் பார்த்த டி.டி.எம். ஆய்வு 2013இல் வெளியானது. ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. அந்த 939 பேரில் பலரிடம் எடுத்து உறையவைத்த ரத்தத்தைப் பிறகு சோதித்துத்தான், நியூரோஃபிலமென்ட் லைட் என்ற நரம்புப் புரதம் என்.எஸ்.ஈ.யைவிடத் துல்லியமாகக் கணிக்கிறது என்று 2019இல் எழுதினார்கள். அந்தச் சோதனை எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. அடுத்து விழப்போகும் எவருக்கோ உதவும்.

108 ஊழியர்களுக்கும், இரவெல்லாம் வாசலில் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும் நன்றி.

வண்டி வரும்வரை மாற்றி மாற்றி அண்ணனின் மார்பை அழுத்திய அந்த இரண்டு தம்பிகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் இல்லாவிட்டால் சோதிக்க எதுவுமே மிஞ்சியிருக்காது. இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள். அண்ணன் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். சாப்பிடாமல் அனுப்பக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு.

நன்றியுடன்,
தம்பியும் குடும்பத்தாரும்