சென்சார் மாட்டிவிட்டேன்

பாப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவும் நலம், முழங்காலைத் தவிர. வேலை அதிகமாக இருக்கும், அதனால்தான் பன்னிரண்டு நாளாகப் பேசவில்லை என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம். இன்ஹேலர் பையில் இருக்கிறதா?

காற்றில் இருக்கும் தூசியை அளக்க நீ அனுப்பிய சென்சார் பெட்டியை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. முதலில் சமையலறை ஜன்னலுக்கு மேல் ஆணி அடித்தேன். "அப்புறம் அது நம் அடுப்பைத்தான் அளக்கும்" என்று நீ அதட்டியதும் பிடுங்கிவிட்டேன். இப்போது பின்சுவரில், சன்ஷேடுக்கு அடியில், இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் நேராகப் படாது, ஏசியின் சூடும் அடிக்காது. ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறேன், மழைத்தண்ணீர் பிளக் வரை ஓடாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இது நீ சொல்லாதது, என் யோசனை. வைஃபைதான் இரண்டு நாள் படுத்தியது. அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் ஒத்துவரும் என்று தெரியாமல் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவிடம் காட்டினேன். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கிற தூசியை ஒரு குட்டி விசிறி உள்ளே இழுக்கிறது, லேசர் பட்டு அது சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது, என் மகள் அனுப்பியது என்றேன். "எண்ணி என்ன செய்யப் போகிறாய்?" என்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே.

மழை பெய்த அன்று தூசி எண் 60-ஐத் தாண்டியது. பதறாதே, காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் தண்ணீரை வாங்கி உப்பிவிடும், பெட்டி அதிகமாகக் காட்டும் என்று நீதான் சொன்னாய். இந்த மாதிரிப் பெட்டிகளின் எண்களை இணையத்தில் காட்டும் வரைபடத்தில் உன் வீட்டுப் பக்கத்து வட்டத்தையும் தினமும் பார்க்கிறேன். நேற்று 48. ஒரு நாள் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொல்லியிருக்கிறது. 48 என்றால் ஜன்னலை மூடு. ஓடப் போகாதே. இன்ஹேலரை மறக்காதே. பெட்டி ஒருநாள் ஆஃப்லைன் போனதும் அரை மணி நேரத்தில் உன் மெசேஜ் வந்தது. பெட்டியை விசாரிக்க நேரம் கிடைக்கிறது, சரி.

ராத்திரி பத்தே முக்காலுக்கு தினமும் ஏன் எண் எகிறுகிறது என்று கேட்டாய். சிலந்தி புகுந்திருக்கும் என்றேன். உள்ளே இரண்டு சென்சார் இருக்கிறதப்பா, சிலந்தி என்றால் ஒன்றுதான் தவறாகக் காட்டும், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறது என்று எழுதினாய். நான் பக்கத்து வீட்டில் குப்பை எரிக்கிறார்கள் என்றேன். "சரிப்பா" என்று அனுப்பினாய். அதுதான் கடைசி.

யாரும் குப்பை எரிக்கவில்லை பாப்பா. நான்தான். விட்டுவிட்டேன் என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னது பொய். அம்மாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

உனக்கு நான்கு வயதில் இழுப்பு வந்தபோது டாக்டர், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் பிடிப்பதில்லை, வெளியே நின்றுதானே பிடிக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நான் நின்ற இடம் உன் ஜன்னலுக்குக் கீழே. பெட்டி இப்போது இருப்பதும் அதே சுவரில்தான். மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடித்தாலும் இரண்டு சென்சாரும் 200-க்கு ஏறுகின்றன. பெட்டியே இப்படி என்றால், அன்றைக்கு உன் நெஞ்சுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ராத்திரியில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருநாள் கை போனது. பிடுங்கவில்லை. திங்கட்கிழமை ஒன்று. செவ்வாய் இல்லை. நேற்று இரண்டு. நீ பார்த்திருப்பாய்.

இன்ஹேலர் தீரும்வரை காத்திருக்காதே, முன்னாலேயே ஒன்று வாங்கி வை.

அப்பா