விளம்பரப் பக்கத்தில் அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளம்பரப் பக்கத்தில், ஸ்காபரோவில் ஒரு சிறிய அலுவலகத்துக்குக் கணக்கெழுதுபவர் தேவை என்று கண்டேன். "கனேடிய அனுபவம் அவசியம்" என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குமேல் பத்திரிகையைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் தங்கையின் மகன் கொழும்பில் ஒன்பது ஆண்டுகள் கணக்காளராக இருந்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவன். வந்த முதல் மாதமே சுயவிபரக் கோவையை எழுதிக் காட்டினான். இரண்டு பக்கம், ஒரு பிழை இல்லை. மூன்று நேர்முகங்களுக்குப் போனான். மூன்றிலும் "இங்கே எங்கே வேலை செய்தீர்கள்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துபோனது. பிறகு எங்கள் ஆட்களே அவனுக்குப் புத்தி சொன்னார்கள்: பட்டத்தையும் பழைய வேலையையும் எடுத்துவிடு, அப்போதுதான் கிடங்கிலாவது கூப்பிடுவார்கள் என்று. அவனும் எடுத்துவிட்டான். அரைப் பக்கமாகிப்போன தாளை நீட்டி "இது சரியா, பெரியம்மா?" என்று கேட்டான். எனக்கு வாயே எழவில்லை. கிடங்கு வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1991இல் வந்து இறங்கிய நானும் பொதி கட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஆனால் தன் ஒன்பது ஆண்டுகளைத் தன் கையாலேயே அழி என்று ஒருவனிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

2026 ஜனவரி 1 முதல் நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்திலும் அதற்கான விண்ணப்பப் படிவத்திலும் கனேடிய அனுபவம் கேட்கக் கூடாது. நேர்முகத்துக்கு வந்தவருக்கு 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதையும் அறிவிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நம்மவர்களின் கடைகளும் சிறு அலுவலகங்களும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. புதிதாக வருபவர் முதலில் போய்த் தட்டுவதோ அந்தக் கதவுகளைத்தான். அதற்காக அவர்கள் கேட்கலாம் என்று ஆகிவிடாது. கனேடிய அனுபவத்தைக் கண்டிப்பான நிபந்தனையாக வைப்பது முதற்பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. வேலைக்கு அது உண்மையாகவே தேவை என்று நிறுவ வேண்டியவர் முதலாளி.

கணக்கெழுத வருபவருக்கு எச்.எஸ்.டி. என்ற இங்குள்ள விற்பனை வரியின் கணக்குத் தெரிய வேண்டுமென்றால் அதையே விளம்பரத்தில் போடட்டும். 13 வீத வரியை எப்படிப் பிரித்து எழுதுவது, எப்போது அனுப்புவது என்பதை ஒன்பது ஆண்டு கணக்குப் பார்த்தவன் சில வாரங்களில் பிடித்துக்கொள்வான். "முதலில் சில மாதம் சும்மா வந்து பழகு, அனுபவம் ஆகிவிடும்" என்பவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி நேரத்துக்கும் ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம் என்று அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "கனேடிய அனுபவம் அவசியம்" என்ற வரியோடு வரும் விளம்பரத்தை, தருபவர் எத்தனை ஆண்டு வாடிக்கையாளராக இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள். என்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதி வந்தால் என் பெறாமகன் பழைய இரண்டு பக்கங்களோடு விண்ணப்பிப்பான். அவற்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ