உலக முடிவு மட்டும்தானா ஹோர்டன் சமவெளி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகிறவர்களுக்காக உங்கள் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான். காலை 6 மணிக்கு வாசலில் நில்லுங்கள், மூடுபனி ஏறுவதற்குள் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்கிறது. பெரியவர்களுக்கு நல்ல யோசனைதான். 9, 10 மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ஆனால் நான்கைந்து வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களும் இதையே செய்தால் அந்தப் பிள்ளைகள் படும் பாட்டை நான் அந்தப் பாதையில் அடிக்கடி பார்க்கிறேன்.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். கல்லும் வேரும் சேறுமாக, 2,100 மீட்டருக்கு மேலான உயரத்தில் போகிறது. பிள்ளை ஓடைக்கரையில் குந்திக்கொண்டு தண்ணீரைப் பார்க்கும். "சீக்கிரம் வா, மூடிரும்" என்று அப்பா கையைப் பிடித்து இழுப்பார். உலக முடிவுக்கு வந்து சேரும்போது அழுகை, பசி, தூக்கம். கீழே 800 மீட்டருக்கு மேல் செங்குத்துப் பள்ளம். களைத்துச் சிணுங்குகிற பிள்ளையை அந்த விளிம்பில் நிறுத்திப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

சின்னப் பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பள்ளத்துக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இங்கே உண்டு. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கிளையில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அதைப் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் கண் அந்த உயரத்தில்தானே இருக்கிறது. காட்டுப்பன்றி கிண்டிப்போட்ட மண், மரை என்ற பெரிய மானின் குளம்படி, மரத்தில் தாடிபோல் தொங்கும் பாசி, எல்லாம் அப்படித்தான். இந்த ஓடைகள் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகின்றன என்று சொல்லிக் கொடுங்கள். கொழும்பில் குழாயைத் திறந்தால் வரும் களனித் தண்ணீரின் ஒரு பங்கு இங்கிருந்துதான் புறப்படுகிறது என்று கேட்டால் அங்கிருந்து வரும் பிள்ளை ஓடையில் குப்பை போடாது. ஒரு மணி நேரம் நடந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, வந்த வழியே திரும்பினாலும் அது முழுமையான பயணம்தான்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கலாம். மறுநாளும் இருக்கிறது என்றால் யாரும் பிள்ளையை அவசரப்படுத்த மாட்டார்கள். குளிரை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலையில் புல்லில் உறைபனி படியும். தரையில் விரிக்கத் தடித்த விரிப்பு, தலைக்குக் கம்பளித் தொப்பி, இரவுக்கென்று தனியாக எடுத்து வைத்த காய்ந்த உடுப்பும் காலுறையும் கட்டாயம் வேண்டும். பகலில் நனைந்த உடுப்போடு பிள்ளையைத் தூங்க விடக் கூடாது. இருட்டிய பிறகு கூடாரத்தைவிட்டு அலையவும் வேண்டாம், சிறுத்தைகள் வாழும் காடு அது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை வாங்கி வைக்கும்போது பல பெற்றோர் பிள்ளைகள் முன்னாலேயே முணுமுணுக்கிறார்கள். உப்புச் சுவைக்காக மரைகள் அந்த உறைகளைத் தின்று, அவை வயிற்றில் அடைத்துச் செத்திருக்கின்றன. இதைச் சொன்னால் பிள்ளைகளே பிஸ்கட்டைக் கடதாசியில் மாற்றிக் கட்டித் தருவார்கள். அப்புறம் அதே ஆட்கள் வாகனத் தரிப்பிடத்தில் மரைக்குப் பாண் நீட்டி, பிள்ளையைக் கொம்புக்குப் பக்கத்தில் நிற்க வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது வீட்டில் பழகிய மாடு அல்ல.

திணைக்களத்துக்கு ஒரு வேண்டுகோள். ஃபார் இன் தகவல் நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் போய்த் திரும்பும் ஒரு வழியைச் சிறுவர் பாதை என்று அறிவித்து, நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலேயே மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். வழியில் என்னென்ன பார்க்கலாம் என்று படம் போட்ட ஒற்றைத் தாள் ஒன்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். உங்கள் அடுத்த சுற்றுலாக் கட்டுரையிலும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
அட்டன்.