காய்ச்சல் வந்தால் உடனே சொல்லு

மூக்கையூர்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போகிறது, இறால் பரவாயில்லை. மாப்பிள்ளைதான் போன் செய்தார். நம் பேரன் தம்பிக்கு ரத்தப்புற்று திரும்பிவிட்டது, செல் சிகிச்சைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாளே கோடிவீட்டுப் பெண், அவளை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டேன். தம்பியின் ரத்தத்திலிருந்தே நோயை எதிர்க்கிற டி செல்லைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் கண்டுபிடித்துக் கொல்கிற மாதிரி மரபணுவை மாற்றி, பெருக்கி, அவனுக்கே ஏற்றுவார்களாம். ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியதற்கு 2023-ல் அனுமதி கிடைத்ததாம். 15 வயது ஆகியிருக்க வேண்டும் என்றாள். தம்பிக்குப் பதினாறு முடிந்துவிட்டதே என்று அம்மா அங்கேயே ஓரியூருக்கு நேர்ந்துகொண்டாள்.

ஒன்று சொல்கிறேன் தாயி. செல் ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. 2012-ல் அமெரிக்காவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்குத்தான் குழந்தைகளில் முதன்முதலாக இதைச் செய்தார்கள். உள்ளே போன செல்கள் வேலையை ஆரம்பித்ததும் கடுங்காய்ச்சல், வென்டிலேட்டர் வரை போய்விட்டாள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற டோசிலிசுமாப் மருந்தைப் போட்ட பிறகுதான் மீண்டாள். வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் ராத்திரி பக்கத்தில் இருப்பது நீ. உடம்பு சுட்டால் சொல்லு. பேச்சு குழறினாலும் கை நடுங்கினாலும் சொல்லு.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 102 டிகிரி காய்ச்சலோடு, வீட்டில் மூச்சுக் காட்டாமல் போய் எழுதிவிட்டு வந்தவள் நீ. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போதும் மூச்சுக் காட்டாமல் இருந்தால் எப்படி?

40 லட்சத்தை ஒட்டி ஆகும் என்கிறார்கள். சாயல்குடிப் பனங்காட்டை விலை பேசி முடித்துவிட்டேன். முன்பணம் உன் கணக்கில் ஏறியிருக்கும், பார். அண்ணனும் கூடவே இருந்துதான் பேசினான். பத்தாது, தெரியும். படகு இருக்கிறது. அப்பா கொடுக்கமாட்டார் என்றா நினைத்தாய்? அவன் என் பேரன் இல்லையா?

அம்மா தம்பிக்கென்று நெத்திலியைத் தலை கிள்ளி, மணல் ஒட்டாமல் வலைத்துணியில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட்டாள். நான்தான் அனுப்பவில்லை. அந்த செல்கள் கிருமியை எதிர்க்கிற நல்ல பி செல்களையும் சேர்த்தே அழித்துவிடுமாம், சின்னக் கிருமியும் ஆகாதாம். டாக்டர் சரி என்று சொல்லட்டும், அனுப்புகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு. வடாபாவைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே.

காய்ச்சல் விஷயத்தை மறந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வேன். மாப்பிள்ளையிடம் கொடுக்காதே, நீயே எடுத்துப் பேசு.

அப்பா