மாரி தொடங்க முன்னம்

யாழ்ப்பாணம்,
புரட்டாதி, ஞாயிறு

அன்பின் மச்சான்,

பதில் போட இவ்வளவு நாள் எடுத்ததற்குக் கோவிக்காதே. வீட்டில் எல்லாரும் சுகம். நீ மேற்பார்வைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வந்ததைக் கேட்டு எங்கட ரியூப் அண்ணருக்கு நல்ல புழுகம். "அந்தச் சைக்கிள் பம்பை எப்ப திருப்பித் தாறான்?" என்று கேட்கச் சொன்னார்.

"டெங்கு ஒழிப்புக் கூட்டத்துக்கு எல்லாரும் வருகினம், தலையாட்டுகினம், பிறகு ஒன்றும் நடக்குதில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரிதான் மனதில் நின்றது. ஆக்கள் வந்தால் மட்டும் காணாது மச்சான், முடிவு அவர்களுடையதாகவும் இருக்கவேணும்.

வெளிநாட்டில் இருக்கிறவரின் பூட்டிய வளவு ஒன்றை எடு. பாவிக்காத கிணறு, கூரைப் பீலியில் சருகு, பின்வளவில் இளநீர்க் கோம்பை. டெங்கு நோயாளியின் விலாசம் உன்னிடம். திறப்பு ஆரிடம் என்று கிராம அலுவலரான விதானைக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாச்சி இருப்பது மருத்துவமாதுக்குத் தெரியும். குப்பை ஏற்றுகிற உழவு இயந்திரம் பிரதேச சபையிடம். நாலு பேரும் ஆளுக்கொரு துண்டை வைத்திருந்தால் அந்த வளவுக்குள் ஒருவரும் போகமாட்டார்கள்.

அதனால் ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரே ஒரு வரைபடம் வை. நோயாளிக்குச் சிவப்பு, பூட்டிய வீட்டுக்கு நீலம், கர்ப்பிணிக்குப் பச்சை. அவரவர் தங்கட கையால் குறிக்கட்டும். நீயே குறித்துக்கொண்டு போனால் அது உன்ர படம், மற்றவர்கள் பார்வையாளர்.

சிரமதானம் எங்கே பிழைக்கிறது தெரியுமா? சனம் காலையில் கோம்பையும் சிரட்டையும் ரயரும் பொறுக்கி ஒழுங்கை முகப்பில் குவிக்கும். உழவு இயந்திரம் வராது. இரண்டு நாள் மழை பெய்தால் அந்தக் குவியலே நுளம்புக் குடம்பி வளர்க்கும் இடம். காரணம், வண்டியை ஒழுங்குசெய்கிறவரைக் கூட்டத்துக்கு ஆரும் கூப்பிடவில்லை. அவரிடம் முதலில் நாளைக் கேள், பிறகு சனத்துக்குச் சொல்.

பேசுகிற ஒழுங்கையும் மாற்று. வைத்திய அதிகாரி முதலில் கதைத்தால் அதற்கு எதிராக ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைசியாகக் கதைக்கச் சொல்லி அவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேள். வீடு வீடாகப் போகிற மருத்துவமாது முதலில் கதைக்கட்டும்.

இன்னொன்று, இதுதான் பெரிய சிக்கல். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கிற 2007 இன் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீ வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாம். ஆனால் மருத்துவமாது சொல்லித்தான் நீ வந்தாய் என்று வீட்டுக்காரர் நினைத்தால், அடுத்தமுறை அவவுக்குப் படலை திறக்காது. அவவும் பிறகு உனக்கு ஒன்றும் சொல்லமாட்டா. எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு வழக்கு என்பதை எல்லாரும் சேர்ந்து முதலே தீர்மானியுங்கோ. தகவல் தந்தவரின் பெயர் எந்த வாசலிலும் வரக்கூடாது.

வாசலில் எல்லாரும் ஒரே கணக்குச் சொல்லவேணும். குடம்பியைக் கொல்லுகிற ரெமிபொஸ் மருந்து 1 சதவீதக் குறுணி என்றால் 10 லீற்றருக்கு 1 கிராம், 1000 லீற்றர் தாங்கிக்கு 100 கிராம். தண்ணியை வெளியில் ஊற்றினால் மட்டும் போதாது, உட்சுவரையும் தேய்க்கவேணும், காய்ந்த முட்டை மாதக்கணக்காகக் கிடக்கும். ஆளுக்கொரு கதை சொன்னால் சனம் ஒருவரையும் நம்பாது.

கூட்டக் குறிப்பில் "அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்" என்று எழுதவே எழுதாதே. என்ன வேலை, ஆர், எந்த நாள், ஆருடைய உதவி வேணும் என்று நாலு நிரல் போடு. மாதக் கூட்டத்தை நம்பியும் இராதே. எங்கட வெக்கைக்கு முட்டை நுளம்பாக 7 தொடக்கம் 10 நாள் போதும், அடுத்த கூட்டத்துக்குள் மூன்று தடவை புது நுளம்பு பறந்துவிடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் கிழமைக்கு ஒருக்கால் அரை மணித்தியாலம், படத்துக்கு முன்னால் நின்றபடி கூடுங்கோ. கடைசிப் பத்து நிமிடம் போன கிழமை என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம் என்று மட்டும் கேளுங்கோ. ஆர் பிழை என்று கேட்கத் தொடங்கினால் அடுத்த கிழமை உண்மை வராது.

தலைமையையும் சுற்றிக் கொடு. ஒருமுறை விதானை, ஒருமுறை மூத்த மருத்துவமாது. முதல் இரண்டு தடவையும் நீ பக்கத்தில் இரு, வாயைத் திறக்காதே. உனக்கு இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். திருத்தம் இருந்தால் கூட்டம் முடிய, தனியாகச் சொல்.

முதல் படம் கீறினதும் போட்டோ எடுத்து அனுப்பு, நீலப் புள்ளி எத்தனை என்று பார்க்கவேணும். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன்ர
மச்சான்