மானிட்டரை இழுத்துப் போன கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'மானிட்டர்' என்ற இரும்புக் கவசக் கப்பல் மூழ்கியதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதைக் கட்டியிழுத்துப் போன 'ரோட் ஐலண்ட்', கட்டுரையில் வெறும் 'இழுவைக் கப்பல்' ஆகிவிட்டது. உண்மையில் அது, தென்மாநிலங்களோடு போரிட்ட வடக்குத் தரப்பின் கடற்படைக்குச் சொந்தமான சரக்கு நீராவிக் கப்பல். இது தெரிந்தால்தான் அந்த இரவில் நடந்தது முழுதாக விளங்கும்.

1861-இல் கடற்படை விலைக்கு வாங்கிய வணிகக் கப்பல் அது. நீளம் 236 அடி. இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள். தென்மாநிலத் துறைமுகங்களை மறித்து நின்ற போர்க்கப்பல்கள் மாதக்கணக்கில் இடத்தை விட்டு நகர முடியாது. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டுமே சாப்பாடு என்றால் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி வந்துவிடும். பனிக்கட்டியில் வைத்த புது இறைச்சி, மருந்து, தபால் எல்லாம் அவர்களுக்குப் போனது இதுபோன்ற கப்பல்களில்தான். 1862 பிப்ரவரி 5-க்கும் மார்ச் 18-க்கும் இடையில் ரோட் ஐலண்ட் 98 கப்பல்களுக்குச் சரக்கு கொடுத்தது. நாளொன்றுக்கு இரண்டுக்கும் மேல்! பீரங்கிச் சண்டைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கும் நாம் இந்த உழைப்பைக் கண்டுகொள்வதே இல்லை.

இழுவை வடம் '15 அங்குலத் தடிமன்' என்று அச்சாகியிருக்கிறது. கப்பல் வடத்தைச் சுற்றளவால் அளப்பதுதான் அக்கால வழக்கம். 11 அங்குலம் ஒன்று, 15 அங்குலம் ஒன்று என இரண்டு வடங்கள் கட்டினார்கள். பெரியதன் குறுக்களவே ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான்.

மூழ்கியதற்குப் புயலை மட்டும் காரணமாகச் சொல்வதும் போதாது. மானிட்டரில் பீரங்கிகள் இருந்த சுழல் கோபுரம் 120 டன். தளத்தில் பதித்த பித்தளை வளையத்தில் தன் எடையாலேயே அழுந்தி உட்கார்ந்து நீரைத் தடுக்க வேண்டும் என்பது வடிவமைத்த எரிக்சனின் கணக்கு. ஆனால் கோபுரத்தைத் தூக்கி, அடியில் கலப்பத்து நாரை (கப்பல் பலகை இடுக்குகளை அடைக்கும் நார்) திணித்தார்கள். 1862 மார்ச்சில் முதல் பயணத்திலேயே அந்த நார் அலையில் அடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் இறங்கியது. டிசம்பரில் மறுபடி அதே தவறு.

டிசம்பர் 29-இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். மறுநாள் இரவு வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் கடல் கொந்தளித்தது. துடுப்புச் சக்கரக் கப்பல் உருளும்போது ஒரு சக்கரம் ஆழத்தில் அமிழும், மற்றது காற்றில் சுற்றும். இழுவை சீராக இருக்காது, வடம் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு வடம் அறுந்தது. மற்றதை மானிட்டர்காரர்களே கோடாரியால் வெட்டிவிட்டார்கள். நீரில் கிடந்த வடம் ரோட் ஐலண்டின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, இயந்திரம் நின்றது. மீட்க வந்த கப்பலே மானிட்டர் மீது ஒதுங்கியது. இறக்கிய படகு இரண்டுக்கும் நடுவே நசுங்கிச் சேதமானது. அப்படியும் 47 பேரை மீட்டார்கள். 16 பேர் இறந்தார்கள்.

எஞ்சியவர்களுக்காக மீண்டும் போன சிறு படகு, மானிட்டரின் சிவப்பு விளக்கு மறைந்ததும் இருட்டில் திசை தவறியது. பிறகு ஒரு பாய்க்கப்பல்தான் அதைக் கண்டெடுத்தது. அந்தப் படகோட்டிகள் ஏழு பேருக்கு அமெரிக்கப் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. கட்டுரையில் இல்லாத இதையும், வடத்தின் அளவையும் அடுத்த இதழில் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்